வீடு கட்டும் காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் உண்டா? எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

வைகைக்கரை:
வணக்கம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி எல்லைக்குள் 1,150 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டப் போகிறோம். காண்ட்ராக்டர் மாமா வழியாக வந்தவர். சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று பேசி முடித்தாயிற்று. முன்பணம் கொடுக்கும் முன் "உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டேன். தயங்காமல் ஒரு ஃபைலை எடுத்து நீட்டினார். உள்ளே மூன்று தாள்கள். முதலாவது அவருடைய ஜிஎஸ்டி சான்றிதழ். இரண்டாவது பொதுப்பணித்துறையின் ஒப்பந்ததாரர் பதிவு, அது அவருடைய அண்ணன் பெயரில் இருக்கிறது. மூன்றாவது ஒரு பொறியாளரின் பதிவுச் சான்று நகல். அந்தப் பொறியாளர் திருச்சியில் இருக்கிறாராம். "பிளானில் கையெழுத்துப் போடுவது அவர்தான், அவருடைய லைசென்ஸில்தான் நம்ம வேலை நடக்கும்" என்றார்.

இதில் எது வீடு கட்டுவதற்கான லைசென்ஸ்? மூன்றும் சேர்ந்தால்தான் லைசென்ஸா? அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணம் மொத்தமும் இதில்தான் போகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டப்பலகை:
தம்பி, சிவில் பொறியாளராக இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்: அந்த மூன்றில் ஒன்றுகூட வீடு கட்டும் காண்ட்ராக்டருக்கான லைசென்ஸ் கிடையாது. தமிழ்நாட்டில் தனி வீடு கட்டித் தருபவர் எடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு தொழில் உரிமம் இல்லை. அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்லமாட்டேன். கையில் இருப்பதைக் காட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு தாளாகப் பார்ப்போம். ஜிஎஸ்டி என்பது வரி விவகாரம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். சுவர் நேராக நிற்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பொதுப்பணித்துறைப் பதிவு அரசு டெண்டரில் கலந்துகொள்வதற்கானது. அனுபவம், பண வசதி பார்த்து வகுப்பு பிரித்துக் கொடுப்பார்கள். எவ்வளவு பெரிய வேலைக்கு டெண்டர் போடலாம் என்பதை அந்த வகுப்பு சொல்லும். போர்டில் "அரசு ஒப்பந்ததாரர்" என்று எழுதியிருந்தால் இதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் வீட்டு வேலையை அது கட்டுப்படுத்தாது. அண்ணன் பெயரில் இருப்பது தம்பிக்குச் செல்லவும் செல்லாது.

மூன்றாவதுதான் முக்கியமான தாள். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பதிவு கேட்பது தொழில்முறை ஆட்களிடம்: பொறியாளர், கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், தரத் தணிக்கையாளர், பெரிய திட்டங்களுக்கு மேம்பாட்டாளர் (டெவலப்பர்). ஆக, சட்டத்தின் பார்வையில் உங்கள் வீட்டுக்குப் பொறுப்பேற்கும் தொழில்முறை ஆள் அந்தத் திருச்சிக்காரர். அவர் திருச்சியில் இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நம் கேள்வி ஒன்றே ஒன்று: அவர் உங்கள் மனையை எப்போதாவது பார்த்திருக்கிறாரா?

வைகைக்கரை:
பார்க்கவில்லை சார். போன் நம்பர் கேட்டேன், "அவர் ரொம்ப பிஸி, தேவைப்பட்டால் நானே பேசுகிறேன்" என்றார் காண்ட்ராக்டர்.

மின்வழி:
நான் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர். இந்த விஷயம் எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்துகிறது. வீட்டுக்குள் ஒயர் இழுக்க எனக்கு உரிமம் வேண்டும். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் விண்ணப்பித்து, தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர், ஒயர்மேன் வைத்திருப்பதைக் காட்டி, சோதனைக் கருவிகள் இருப்பதையும் காட்டித்தான் வாங்கினேன். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மின் இணைப்புக் கேட்கும்போது உரிமம் பெற்றவரின் சோதனை அறிக்கை கேட்பார்கள்.

அதே வீட்டில் பில்லர் போடுகிறவருக்கும் ரூஃப் போடுகிறவருக்கும் எதுவும் தேவையில்லை. என் வேலையில் தவறு நடந்தால் ஃபியூஸ் போய்க் காட்டிக் கொடுக்கும். அவர்கள் வேலையில் தவறு நடந்தால் பூச்சுக்குள் மறைந்து பத்து வருடம் கழித்து வரும்.

கிள்ளான்வாசி:
மலேசியாவில் இருக்கிறேன். இங்கே நிலைமை வேறு. 1994ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியச் சட்டப்படி ஒப்பந்ததாரர் யாராக இருந்தாலும் அந்த வாரியத்தில், அதாவது சிஐடிபியில், பதிவு செய்துவிட்டுத்தான் வேலை எடுக்க வேண்டும். ஜி1 முதல் ஜி7 வரை ஏழு படிகள். ஜி1 என்றால் சிறு வேலைகள் மட்டும். ஜி7க்கு உச்சவரம்பு இல்லை. தளத்தில் வேலை செய்யும் ஆட்களும் தனியாகப் பதிவு செய்து அட்டை வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் பெரிய வேலைகளுக்குக் கட்டுநர் உரிமம் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டைப் புதுப்பிக்கவே வீடமைப்பு வாரியத்தின் பட்டியலில் உள்ள ஒப்பந்ததாரரைத்தான் அமர்த்த முடியும். என் தங்கை அங்கே இருக்கிறாள். குளியலறைத் தளக்கல் மாற்றும்போதுகூட அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆள் பிடித்தாள்.

இலங்கையிலும் 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி தரம் பிரித்துப் பதிவு செய்கிறார்கள். இத்தனை வீடு கட்டும் தமிழ்நாட்டில் மட்டும் ஏன் இது இல்லை?

செங்கல்வரிசை:
நான் மேஸ்திரி. சித்தாளாக ஆரம்பித்து, கொத்தனாராகி, இப்போது சிறு வீடுகள் மொத்தமாக எடுத்துச் செய்கிறேன். திண்டிவனம் பக்கம். 28 வருடமாகிறது. எட்டாம் வகுப்பு வரை படித்தேன்.

லைசென்ஸ் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். சரி, வரட்டும். ஆனால் அது எந்த மாதிரி வரும் என்று எனக்குத் தெரியும். டிகிரி கேட்பார்கள், வருமானவரிக் கணக்கு கேட்பார்கள், வங்கி இருப்பு கேட்பார்கள். என்னிடம் இருப்பது கைவேலை. குழி எடுத்ததும் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தே இது களியா, சரளையா, இன்னும் ஒரு அடி இறங்க வேண்டுமா என்று சொல்வேன். அந்த அறிவுக்கு எந்த விண்ணப்பத்திலும் கட்டம் இருக்காது. கடைசியில் படித்த ஒருவர் லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பார், அவருக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு நான் அதே வேலையைச் செய்வேன். இப்போது பிளான் கையெழுத்தில் நடப்பதுதானே அது? வீட்டுக்காரருக்குச் செலவு கூடும், வீடு பலமாகாது.

மட்டப்பலகை:
மேஸ்திரி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்களைப் போன்றவர்களை வெளியே தள்ளும் உரிமம் எனக்கும் வேண்டாம். செய்முறைத் தேர்வு வைத்துக் கொடுக்கலாம். முன்பே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் அதில் சான்று உண்டு. அதை வளர்த்து, சிறு வீடு எடுத்துச் செய்கிறவருக்கு ஒரு படியாக வைக்கலாம் என்பது என் எண்ணம்.

கிள்ளான்வாசி:
மேஸ்திரி ஐயா சொன்ன பதிவை வாடகைக்கு விடும் பழக்கம் இங்கேயும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஏதாவது ஆனால் பதிவை ரத்து செய்ய முடியும். அங்கே ரத்து செய்யவே ஒன்றும் இல்லையே.

கைச்சாந்து:
இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தத் திருச்சிப் பொறியாளர் மாதிரி ஒருவனாக நான் இருந்திருக்கிறேன்.

படித்து முடித்து, அனுபவம் காட்டிப் பதிவு வாங்கிய புதிது. பிளான் வரையும் அலுவலகங்களில் இருந்து கட்டு கட்டாக வரும். வரைபடத்தைப் பார்ப்பேன், பக்கவாட்டு இடைவெளி சரியா, படிக்கட்டு அகலம் சரியா என்று பார்ப்பேன், கையெழுத்தும் முத்திரையும் வைப்பேன். சைட்டுக்குப் போவதற்கு யாரும் பணம் கொடுக்கவில்லை, நானும் போகவில்லை. எல்லோரும் செய்வதுதானே என்று இருந்தேன்.

ஒருநாள் ஒரு பெண்மணி போன் செய்தார். பிளானில் இருந்த என் பெயரைத் தேடி நம்பர் பிடித்திருக்கிறார். "தம்பி, பால்கனி சுவரை விட்டுப் பிரிகிறது, நீங்கதான் எங்க வீட்டு இன்ஜினியராமே" என்றார். போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் கையெழுத்துப் போட்ட ஒரு வீட்டின் முன்னால் போய் நின்றேன். மூன்றரை அடி நீட்டிய பால்கனி, சுவரைத் தொடும் இடத்தில் மேல்பக்கம் நெடுகக் கீறல். சிறு உளியால் தட்டித் திறந்து பார்த்தோம். கம்பி மேலே இல்லை. கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து மிதித்துக் கம்பி மொத்தமும் கீழே போய்ப் படுத்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் சுவர் தாங்கும் ரூஃபில் நடுப்பகுதி கீழே தொங்கப் பார்க்கும், அதனால் அங்கே முக்கியக் கம்பி கீழ்ப்பக்கம் வரும். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் பால்கனி, சன்ஷேடு போன்றவற்றில் நேர் எதிர். இழுப்பு மேல்பக்கம்தான். கம்பி மேலே இருந்தே ஆக வேண்டும். கீழே போனால் அந்தக் கம்பி இருந்தும் இல்லாத மாதிரி. வரைபடத்தில் கம்பி சரியாகத்தான் மேலே இருந்தது. கான்கிரீட் அன்று ஒரு மணி நேரம் போய் நின்றிருந்தால், மேல் கம்பி இறங்காமல் அடியில் தாங்கி நிற்கும் சேர் கம்பி போதவில்லை என்று கண்ணில் பட்டிருக்கும்.

பால்கனியை இடித்து எடுத்தோம். யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து போய்ப் பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. வருமானம் பாதியானது. அந்த அம்மா அடுத்த வெயிலில் வத்தல் காயவைக்க அந்தப் பால்கனியில்தான் ஏறியிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் கலையும்.

செங்கல்வரிசை:
கைச்சாந்து தம்பி, மனசு விட்டு எழுதியதற்கு நன்றி. சன்ஷேடு கம்பியைச் சித்தாள் மிதிக்காமல் இருக்கக் குறுக்கே பலகை போட்டு நடக்கவிடுவது என் வழக்கம். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் மேஸ்திரி, எந்தப் பொறியாளரும் இல்லை. இத்தனை வருடத்தில் நான் கட்டிய வீடுகளில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் நேரில் வந்தது நான்கு வீட்டுக்குத்தான். வந்தவர்களிடம் கற்றுக்கொண்டதும் நிறைய இருக்கிறது. வரச் சொல்லுங்கள். எங்களுக்கும் அதுதான் நல்லது.

நிழற்குடை:
நான் தொழிலாளர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். பதிவு என்றால் எல்லோரும் காண்ட்ராக்டரை மட்டும் நினைக்கிறீர்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு வேலையில் சாரம் சரிந்து ஒருவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவே செய்திருக்கவில்லை. காண்ட்ராக்டர் மருத்துவச் செலவில் கொஞ்சம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், கடன் வாங்கிக் கொடுத்தார். இதெல்லாம் நடந்திருக்க வேண்டியதில்லை.

18 முதல் 60 வயது வரை உள்ள கட்டுமானத் தொழிலாளி யாரும் வாரியத்தில் பதிவு செய்யலாம். வேலை தொடங்கும் முன் "ஆட்கள் எல்லோரிடமும் வாரிய அட்டை இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லாதவர்களுக்குப் பதிவு செய்ய உதவுங்கள். பிளான் அனுமதியின்போது வசூலிக்கும் தொழிலாளர் நல நிதி, கட்டுமானச் செலவில் 1 சதவீதம், இவர்களுக்காகத்தான் போகிறது.

காண்ட்ராக்டர் பக்கத்தில், ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம் என்று ஒன்று இருக்கிறது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் 20 ஆட்கள் இருந்தால் எடுக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதை 50 ஆக்கிவிட்டார்கள். தனி வீட்டு வேலையில் 50 பேர் எங்கே இருக்கப் போகிறார்கள்? ஆகவே அந்த வலையிலும் சிறு காண்ட்ராக்டர் விழமாட்டார்.

முற்றம்:
இவ்வளவு பேசுகிறோம், ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், இருக்கிறதே? அதில் புகார் செய்ய முடியாதா?

படிமானம்:
முற்றம், ரெரா இங்கே உதவாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் விற்பதற்காகக் கட்டும் மேம்பாட்டாளருக்கானது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது 8 வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் பதிவு கட்டாயம். அதில் வாங்கியவருக்கு நல்ல பாதுகாப்பு உண்டு. சாவி கொடுத்த 5 வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் சொன்ன 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டுகிறவருக்கு அது பொருந்தாது.

நமக்கு இருக்கும் வழி நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டுக் கட்டுமானம் ஒரு சேவை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம் கெடு. காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் இல்லை என்பதால் வழக்கு நிற்காமல் போகாது, ஆனால் ஒப்பந்தமும் பணம் கொடுத்த ஆதாரமும் இல்லாவிட்டால் திண்டாட வேண்டியிருக்கும். மாமா வழியில் வந்தவர், எழுதி வாங்கினால் தப்பாக நினைப்பார் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வைகைக்கரை, நீங்கள் விடாதீர்கள். ரெராவில் இருக்கும் அந்த 5 வருடப் பொறுப்பை உங்கள் ஒப்பந்தத்திலும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். சட்டம் தராததை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கலாம். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகு கொடுங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவையுங்கள்.

முற்றம்:
அப்படியானால் ஆய்வு செய்ய அரசாங்கத்திலிருந்து ஒருவரும் வரமாட்டார்களா?

மட்டப்பலகை:
சிறு வீட்டுக்கு வருவது அரிது, இப்போது இன்னும் அரிது. 2024 ஜூலையில் சுயசான்று முறை, அதாவது நாமே சான்றளித்து அனுமதி வாங்கும் முறை, வந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு தளம் என்றால் இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கும். பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை. மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி, நான் வரவேற்கிறேன். ஆனால் அனுமதி சுலபமான அளவுக்கு மேற்பார்வை நம் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அது பலருக்குத் தெரியவில்லை.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் பெரிய கட்டடங்களின் கட்டமைப்பு வடிவமைப்பைப் பார்ப்பதில் கெடுபிடி கூடியது. நியாயம்தான். சிறு வீடு அப்படிச் சரிந்து செய்தியாவதில்லை. ஒரு குடும்பம் முப்பது வருடம் கசிவோடும் கீறலோடும் வாழ்ந்து தீர்க்கிறது. அதற்கு விசாரணைக் குழு கிடையாது.

வைகைக்கரை, நான் சொல்வதைச் செய்யுங்கள். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தளத்தில் பதிவு பெற்றோர் பட்டியல் இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பொறியாளரைப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். காண்ட்ராக்டர் வழியாக இல்லாமல் நீங்களே நேரடியாகக் கட்டணம் கொடுங்கள். யார் பணம் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் பொறியாளர் பதில் சொல்வார். மறைந்துபோகும் வேலை ஒவ்வொன்றுக்கும் முன்னால் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்: குழி, ஃபுட்டிங் (அடித்தளம்) கம்பி, பில்லர் கம்பி, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), ரூஃப். ஒரு நோட்டு வாங்கி சைட்டிலேயே வையுங்கள். பார்த்ததை அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே கான்கிரீட்.

செங்கல்வரிசை:
நோட்டு நல்ல யோசனை சார். அதில் மேஸ்திரியின் கையெழுத்துக்கும் ஒரு இடம் விடச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து வந்திருக்கிறேன், இதுவரை நடந்ததைச் சொல்கிறேன்.

காண்ட்ராக்டரை மாற்றவில்லை. ஒப்பந்தம் எழுத வேண்டும் என்றபோது மாமா முகம் சுளித்தார். ஆனால் காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டார். 5 வருட வரியைப் பார்த்துவிட்டு ஒருநாள் யோசித்து, "என் வேலை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். திருமங்கலத்தில் ஒரு பொறியாளர் கிடைத்தார். பெண், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். பிளானும் அவர் பெயரில்தான் போனது.

குழி பார்க்க வந்தவர் ஒரு மூலையில் கருப்பு மண் முடியவில்லை என்று இன்னும் ஒன்றரை அடி இறக்கச் சொன்னார். பில்லர் கம்பி கட்டிய அன்று கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் கட்டை) எல்லாம் பார்த்துவிட்டு, பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரிங் கம்பியின் நுனி வெறும் எல் வடிவில் 90 டிகிரிக்கு மடங்கியிருந்தது. 135 டிகிரிக்கு உள்ளே மடக்கி, வால் குறைந்தது 65 மில்லிமீட்டர் கான்கிரீட்டுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் பெரிய அழுத்தம் வரும்போது ரிங் வாய் திறந்துவிடும் என்று கம்பி கட்டுகிறவருக்கு ஒரு துண்டுக் கம்பியை மடக்கியே காட்டினார். காண்ட்ராக்டர் "இத்தனை வருஷமா இப்படித்தான் கட்டுறோம்" என்று குரல் உயர்த்தினார். பொறியாளர் பதிலுக்குப் பேசவில்லை. நோட்டை எடுத்து, "ரிங் கொக்கி சரியில்லை, கான்கிரீட் நிறுத்தம்" என்று எழுதித் தேதி போட்டுவிட்டுப் போய்விட்டார். மொத்தமும் அவிழ்த்து மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு வந்து மறுபடி பார்த்து, அதற்குக் கீழே "சரிசெய்யப்பட்டது, போடலாம்" என்று எழுதினார். மேஸ்திரி ஐயா சொன்ன மாதிரி பக்கத்திலேயே கம்பி கட்டுகிறவர் கையெழுத்தும் வாங்கினோம். அவர் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.

ஆட்கள் ஒன்பது பேரில் ஆறு பேருக்கு வாரிய அட்டை இல்லை. நான்கு பேருக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, இரண்டு பேருக்கு ஆதாரில் போன் எண் மாற்ற வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் ரூஃப். முன்பக்கம் இரண்டரை அடி சன்ஷேடு வருகிறது. கைச்சாந்து, அன்றைக்கு எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கைச்சாந்து:
கம்பி கட்டி முடித்த மாலை ஒருமுறை, கான்கிரீட் சன்ஷேடுக்கு வரும் நேரத்தில் ஒருமுறை. மேல் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள், இறங்கினால் சேர் கம்பி இன்னும் நெருக்கமாக வைக்கச் சொல்லுங்கள். நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள், விடுமுறை என்றால் நானும் வந்து நிற்கிறேன்.